நாலாம் வளைவில் வழி கேட்டவன்

அத்தியாயம் பன்னிரண்டு

காலை ஆறே காலுக்கு, நடைவழியில் போய்க்கொண்டிருந்த கணவர் நின்றார். இரண்டு ஊன்றுகோலையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்தார். முதுகைச் சுவரோடு ஒட்டினார்.

பின்னால் யாரோ அவசரமாக வருகிறார், போக இடம் கொடுக்கிறார் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். வீட்டில் இருந்ததே இரண்டு பேர். அவள் அவருக்கு எதிரே, சமையலறை வாசலில், டீயோடு நின்றிருந்தாள்.

"யாருக்குங்க வழி விடறீங்க?"

"என்ன?"

"சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்களே."

அவர் சுவரைப் பார்த்தார். கையைப் பார்த்தார். "கால் வலிச்சுது. சாஞ்சேன்."

டீயை வாங்கிக்கொண்டு நாற்காலிக்குப் போனார். அவ்வளவுதான்.

ஆறு வாரமாக இப்படி. மருத்துவமனையில் இருந்தபோது கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து நகர்ந்து படுத்தார். நர்ஸ் இரண்டு முறை கம்பியை ஏற்றிவிட்டுத் திட்டினாள். வீட்டுக்கு வந்தபின் நடைவழி. ஒரு நாளைக்கு ஒரு முறை. ஒதுங்குவார், கொஞ்ச நேரம் நிற்பார், பிறகு தன் வேலையைப் பார்ப்பார். தலையில் பட்ட அடியில், விழுந்த அந்த அரை நிமிஷம் மட்டும் நினைவிலிருந்து அழிந்துவிட்டது, மற்றபடி ஆள் சரி என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த அரை நிமிஷத்தைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

வாரத்தில் ஆறு நாள் அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. எழுத்துப் பலகை முன்னால் ஆட்களை உட்கார வைத்து, இது தெரிகிறதா, இது தெரிகிறதா என்று கேட்பது. ஞாயிற்றுக்கிழமை பைக் டிராக்கில் கொடி பிடிப்பாள். அங்கே நடப்பது பந்தயம் இல்லை. கோப்பை இல்லை, முதல் ஆள் கடைசி ஆள் இல்லை. சாலையில் ஓட்டக் கூடாத வேகத்தைச் சாதாரண ஆட்கள் பத்திரமாக ஓட்டிப் பார்க்கும் நாள். நாலாம் வளைவு அவளுடையது. ரைடர்கள் அவளைக் 'கொடியக்கா' என்பார்கள்.

அவள் கணவரைக் 'கோடு' என்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவர் அவர்தான். முதல் பாடம் எப்போதும் ஒன்றுதான். "ரோட்டுல வழி விடறது மரியாதை. இங்க அது கொலை. பின்னாடி வர்றவன் நீங்க போற கோட்டை நம்பித்தான் வர்றான். நீங்க நல்ல மனசோட ஒதுங்கினா, அவன் போக வெச்சிருந்த இடத்துக்குத்தான் ஒதுங்குவீங்க. உங்க கோட்டுல இருங்க. தாண்டறது அவன் பாடு."

அப்படிச் சொன்ன மனுஷர் ஆறு வாரத்துக்கு முன் நாலாம் வளைவில் கோட்டை விட்டு விலகினார். சரளைக் குழியில் விழுந்தார். தொடை எலும்பு இரண்டாக.

அவள் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் ஒரே வரி. 'எண் இரண்டு தானாகவே விலகினார்.' இரண்டு அவர் வண்டியின் எண்.

அதில் ஒன்றை விட்டுவிட்டாள். அவர் விழுவதற்குச் சற்று முன், எண் நாற்பத்தேழு அவருடைய உள்பக்கமாகப் பூந்து போயிற்று. உள்பக்கம் முந்துவது அங்கே அறவே கூடாது. முந்தினால் வெளிப்பக்கமாக, இரண்டு மீட்டர் தள்ளி. நாற்பத்தேழு அவள் தம்பி.

நாளை காலை பத்து மணிக்கு டிராக் கமிட்டி கூடுகிறது. பாடம் எடுப்பவரே பாடத்தை மீறினால் அவரை வைத்துக்கொள்ள முடியாது என்று கடிதம் வந்திருந்தது. 'வாக்குமூலத்தில் சேர்க்க ஏதேனும் இருப்பின்' என்று கீழே ஒரு வரி. கூடவே ஒரு வெற்றுப் படிவம்.

அதை மடித்துக் கைப்பையில் வைத்திருந்தாள். தம்பியின் பெயரைச் சேர்த்தால் அவனுக்கு டிராக் வாசல் இனி இல்லை. சேர்க்காவிட்டால் கணவருக்கு இல்லை.

"கிளம்பறேங்க."

"காத்து இருக்கா வெளியே?"

"துளி இல்ல."

"அப்ப கொடியை நல்லா விரிச்சுக் காட்டு. தொங்கிச்சுன்னா எவனுக்கும் தெரியாது."

*

டிராக் ஓரத்தில், பிட் என்கிற வண்டி நிறுத்தத்தில், வண்டிகள் சோதனைக்கு நின்றன. தம்பி குந்தி உட்கார்ந்து ஒரு பல் டாக்டரின் வண்டியில் விளக்குக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். விழுந்தால் கண்ணாடிச் சில்லு தெறிக்கக் கூடாது. வீட்டில் அவனைச் 'சின்னவன்' என்பார்கள். வயது இருபத்தாறு. லிஃப்ட் மெக்கானிக். முடிச்சு, திருகாணி, டேப் எல்லாம் அவன் கையில் அடங்கி உட்காரும்.

பின்பார்வைக் கண்ணாடி இரண்டையும் கழற்றி டாக்டரிடம் கொடுத்தான்.

"இது இல்லாம பின்னாடி யார் வர்றான்னு எப்படிப்பா தெரியும்?"

"தெரிய வேண்டாம் டாக்டர். பின்னாடி வர்றவன் உங்களைப் பாத்துக்குவான்."

"அவன் பாக்கலேன்னா?"

"அப்பவும் நீங்க பாக்கக் கூடாது."

டாக்டர் சிரித்தார். "எல்லாம் சரி. கடைசியில கோடே கோட்டை விட்டுட்டாரே!"

சுற்றி நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். டாக்டர் திரும்பினார். அவளைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"கொடியக்கா... நான் சும்மா..."

"பல்லைக் காட்டினது போதும். ஹெல்மெட்டைப் போடுங்க," என்றாள்.

தம்பி டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தான். தலை நிமிரவில்லை. ஆறு வாரமாக அவன் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. மாமாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தான், ஆஸ்பத்திரியில் பத்து இரவு தரையில் படுத்தான், கழிவறையில் கைப்பிடி பொருத்தினான். பேச்சு மட்டும் வரவில்லை. அவள் பார்த்ததை அவன் அறிவான். அவன் அறிவதை அவளும் அறிவாள். நடுவில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"ம்."

"என்ன சாப்பிட்டே?"

"சாப்பிட்டேன்கா."

அவள் கொடிகளை எடுத்துக்கொண்டு நாலாம் வளைவுக்கு நடந்தாள்.

*

நாலாம் வளைவில் அவளுக்கென்று ஒரு தகர நிழல், ஒரு தீயணைப்பான், ஒரு வாக்கி டாக்கி. முன்னால் டயர்ச் சுவர். அதற்கப்பால் சாலை வளைந்து மறைகிறது. ஒரு பக்கம் புல். இன்னொரு பக்கம் சரளை. சரளையைச் சமப்படுத்திவிட்டார்கள். எந்தத் தடமும் இல்லை.

பதினோரு மணிக்கு வெயில் வெள்ளையாக இருந்தது. புல் அசையவில்லை. கொடிகள் துவைத்துக் காயப்போட்ட துணிபோலத் தொங்கின.

முதல் குழு வந்தது. புதியவர்கள். எட்டு வண்டி, நல்ல இடைவெளி விட்டு. ஒவ்வொரு வண்டியும் தாண்டியதும் அதன் காற்று ஒரு நொடி கழித்து வந்து அவள் சட்டையை ஆட்டிவிட்டுப் போகும். அவளுக்கு அது பழக்கம். கண்ணை மூடிக்கொண்டே எத்தனை வண்டி என்று சொல்லிவிடுவாள்.

மூன்றாவது சுற்றில் பல் டாக்டர் வந்தார். தனியாக. பின்னால் அடுத்த வண்டி மூன்றாம் வளைவில்கூட இல்லை.

வளைவின் நடுவில் அவர் ஒதுங்கினார்.

தடுமாறவில்லை. வண்டியை நிதானமாக வெளிப்பக்கம் கொண்டுபோனார். சரளைக்கு ஒரு முழம் முன்னால் வரை. அப்படியே ஓரமாகப் போய், பிறகு கோட்டுக்குத் திரும்பினார்.

புது ஆள், பயந்துவிட்டார் என்று அவள் நினைத்தாள்.

அடுத்த சுற்றில் ஒரு சிவப்பு வண்டி. அதே இடம். அதே நிதானம். உள்பக்கம் ஒரு வண்டி போகும் அளவுக்கு இடத்தைத் திறந்துவிட்டு ஓரமாகப் போனது.

பிறகு ஒரு பெண். மாநகராட்சியில் தண்ணீர்க் குழாய் பார்ப்பவள், மூன்று மாதமாக வருகிறவள், கோடு தவறாதவள். அவளும் ஒதுங்கினாள். ஒதுங்கும்போது இடது கையை லேசாக அசைத்தாள். போ, போ என்பதுபோல.

கொடியக்கா வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"கண்ட்ரோல், நாலு."

"சொல்லுங்க நாலு." மேலே கோபுரத்தில் இருப்பவர் ஓய்வு பெற்ற ரயில்வே சிக்னல்காரர். எதற்கும் பதறாத குரல்.

"இங்க ஒதுங்கறாங்க. மூணு பேர்."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல."

"எண்ணெய் ஏதும் சிந்தியிருக்கா?"

"இல்ல. பாத்துட்டேன்."

"காத்து?"

"கொடி தொங்குதுங்க."

"அப்ப வெயில்தான். நாலு, தண்ணி குடிங்க."

*

முதல் குழு பிட்டுக்குத் திரும்பியதும் அவளும் போனாள். டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோபமாக இருந்தார்.

"எங்க குழுவுல யாருங்க அந்த மரியாதை கெட்ட ஆளு? பாடத்துல என்ன சொன்னீங்க, சத்தம் கொடுத்து வழி கேக்கக் கூடாதுன்னு சொன்னீங்களா இல்லையா?"

"யார் கேட்டாங்க?"

"என் முதுகுக்குப் பின்னாலேயே வந்தான். ரெண்டு தடவை ஆக்சிலேட்டரை முறுக்கினான். உர்ர், உர்ர். தொலையட்டும்னு விட்டேன்."

"தாண்டிப் போனானா?"

டாக்டர் யோசித்தார். துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது. "இல்ல," என்றார். "போகல. தாண்டப் பாத்துட்டு அப்படியே பின்தங்கிட்டான்போல."

"உங்களுக்குப் பின்னால அரை கிலோமீட்டருக்கு ஆளே இல்ல டாக்டர்."

"என்ன சொல்றீங்க? என் காலுல சூடு பட்டுதும்மா. வண்டிச் சூடு."

குழாய்க்காரப் பெண் பக்கத்தில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "எனக்கும் ரெண்டு தடவை," என்றாள் மெதுவாக. "கெஞ்சற மாதிரி இருந்துச்சுக்கா. அதான் கையைக் காட்டினேன்."

தம்பி இரண்டு வண்டி தள்ளி நின்றிருந்தான். கையில் ஸ்பேனர். அவன் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். அவள் அவனை நோக்கி நடந்தாள். தோளைப் பிடித்து டயர் அடுக்குக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள்.

"ரெண்டு முறுக்கு," என்றாள்.

அவன் ஸ்பேனரைப் பார்த்தான்.

சாலையில் அவனும் மாமாவும் சேர்ந்து போகும்போது அப்படித்தான். விடியற்காலையில் ஏரிக்கரைச் சாலை. அவர் முன்னால், இவன் பின்னால். இவனுக்கு வேகம் வேண்டுமென்றால் இரண்டு முறை முறுக்குவான். அவர் ஓரம் கட்டி, கையை அசைத்து, போடா என்று விடுவார். பத்து வருஷப் பழக்கம். ஹாரன் அடிப்பது அந்நியர்களுக்கு. அது குடும்பத்துக்கு. அவர்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

"அன்னிக்கு முறுக்கினியா?"

அவன் ஸ்பேனரைக் கை மாற்றினான்.

"டேய். என்னைப் பாரு. அன்னிக்கு நாலாம் வளைவுல அவருக்குப் பின்னால முறுக்கினியா?"

"முறுக்கினேன். கை தன்னால போயிடுச்சுக்கா. முன்னாடி மாமா முதுகு. எப்பவும் பாக்கற முதுகு. டிராக்குங்கறதே மறந்துபோச்சு. ரோடுன்னு நினைச்சுட்டேன். அவர் ஒதுங்குவாருன்னு நினைச்சு உள்ளே விட்டுட்டேன்."

அவள் அவனை அறைய நினைத்தாள். கை எழவில்லை.

"நீ உள்ளே போனதைப் பாத்தேன். முறுக்கினதை நீ சொல்லியிருக்கலாம்ல?"

"நீயே எழுதலையே அக்கா. நான் எப்படி..."

அவள் அவன் தோளை விட்டாள்.

"இன்னிக்கு முறுக்கறது யாரு?" என்று கேட்டாள்.

"நான் இல்ல. சத்தியமா. இந்த நேரம் பூரா இங்கதான் இருந்தேன். டேப் ஒட்டிக்கிட்டு. எல்லாரையும் கேளு."

கேட்கத் தேவையில்லை. அவன் வண்டி ஸ்டாண்டில் நின்றது. டயருக்குச் சூடேற்றும் போர்வையைக்கூட இன்னும் போர்த்தவில்லை.

ஒலிபெருக்கி இரண்டாம் குழுவைக் கூப்பிட்டது.

"போகாதே," என்றாள்.

"போறேன்." ஆறு வாரத்தில் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான். "முன்னாடி நான் போறேன். கண்டவங்க பின்னால எல்லாம் வர்றான்ல? என் பின்னால வரட்டும்."

"வந்தா?"

"ஒதுங்க மாட்டேன். மாமா சொல்லிக் கொடுத்த மாதிரி."

"திரும்பிப் பாக்காதே."

"ம்."

"தம்பி. திரும்பி மட்டும் பாத்துடாதே."

*

அவள் நாலாம் வளைவுக்கு ஓடினாள் என்றே சொல்லலாம். நிழலுக்குள் நிற்கவில்லை. டயர்ச் சுவருக்குப் பக்கத்தில், வெயிலில், கொடிகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதல் சுற்று. தம்பி முன்னால். மற்றவர்கள் அவனுக்குப் பின்னால் சிதறி. ஒன்றுமில்லை.

இரண்டாம் சுற்று. அவனுக்கும் அடுத்தவனுக்கும் இடைவெளி வளர்ந்திருந்தது. ஒன்றுமில்லை.

மூன்றாம் சுற்றில் அவன் தனியாக வந்தான். சத்தம் முதலில் வந்தது. அவன் வண்டியின் சத்தத்தை அவள் அறிவாள், தூக்கத்தில்கூட. அதற்குப் பின்னால், கொஞ்சம் தாழ்ந்த குரலில், இன்னொன்று.

வளைவில் அவன் தெரிந்தான். அவன் மட்டும்தான். முழங்கால் தரையை உரச, தலை சாலையை நோக்கிச் சாய்ந்து, அழகாக வந்தான். அவனுக்குப் பின்னால் சாலை காலியாகக் கிடந்தது. வெயிலில் மினுங்கியது.

உர்ர். உர்ர்.

மிக அருகில். அவன் பின்சக்கரத்துக்கு ஒரு கை தூரத்தில். டாக்டர் சொன்னதைவிட அந்தப் பெண் சொன்னது சரி. மிரட்டவில்லை. கெஞ்சியது.

தம்பி ஒதுங்கவில்லை. கோட்டில் இருந்தான். ஆனால் அவன் ஹெல்மெட் அசையத் தொடங்கியதை அவள் கண்டாள். ஒரு விரற்கடை. தோள் பக்கமாக. தலை போகும் பக்கம் வண்டி போகும். ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது அது.

கத்தினால் கேட்காது. எல்லோரையும் நிறுத்தும் சிவப்புக் கொடியைக் காட்ட அவளுக்கு அதிகாரமில்லை. கண்ட்ரோல் சொல்ல வேண்டும்.

அவள் மஞ்சளை விரித்தாள். மஞ்சளுக்கு ஒரே பொருள்: மெதுவாகப் போ, யாரும் யாரையும் முந்தாதே. இரண்டு கையாலும் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி, கணவர் சொன்னபடி நன்றாக விரித்துக் காட்டினாள். தம்பிக்குக் காட்டவில்லை. அவனுக்குப் பின்னால் இருந்த காலி இடத்துக்கு நேராகக் காட்டினாள்.

சத்தம் அடங்கியது.

தானாக நின்றுவிடவில்லை. கொடியைப் பார்த்த ரைடர் ஒருவன் முறுக்கை விடுவான், வண்டி முனகிக்கொண்டே வேகம் குறையும், அப்படி. ஒழுங்காக. விதி தெரிந்தவனைப்போல.

தம்பியின் ஹெல்மெட் நேரானது. அவன் தாண்டிப் போனான். ஒரு நொடி கழித்து அவன் காற்று வந்து அவள் சட்டையை ஆட்டியது.

அவள் கொடியை இறக்கவில்லை. இன்னும் ஒரு நொடி. இன்னும் ஒன்று.

இரண்டாவது காற்று வந்தது. மெதுவாக. வெதுவெதுப்பாக. அவள் முகத்தைக் கடந்து போயிற்று.

"நாலு, கண்ட்ரோல். எதுக்கு மஞ்சள்?"

"ஒரு வண்டி முந்தப் பாத்துச்சு."

"நம்பர்?"

"தெரியல."

கோபுரத்திலிருந்து நாலாம் வளைவு நன்றாகவே தெரியும்.

"சரி," என்றது குரல். "மத்தியானத்துக்கு மேல டிராக்கை மூடிடறேன். வெயில்னு சொல்லிக்கலாம்."

*

அவளும் தம்பியும் வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார். ஒரு பழைய சங்கிலியை மடியில் வைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ளே, சீக்கிரமே வந்துட்டீங்க? எவனாவது விழுந்தானா?"

தம்பி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். திணறாமல் வந்தது.

"மாமா, அன்னிக்கு நான் உங்க பின்னாடி ரெண்டு தடவை முறுக்கினேன். ரோட்டுல முறுக்கற மாதிரி. அப்புறம் உள்பக்கமா பூந்து போனேன். நீங்க எனக்காக ஒதுங்கினீங்க. விழுந்தீங்க. தப்பு என்னோடது. நாளைக்குக் கமிட்டியில சொல்லிடறேன்."

அவள் கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "நான் பாத்தேங்க. எழுதாம விட்டேன். உங்களுக்கு வேலை போகும்னு தெரிஞ்சும் விட்டேன்."

அவர் சங்கிலியைத் தரையில் வைத்தார். துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது.

"ரெண்டு முறுக்கு," என்றார். கண்ணை மூடினார். "ஆமா. கேட்டுது. சொல்லும்போதுதான் வருது."

"மாமா..."

"இரு. நீதான்னு தெரிஞ்சுது. நான் ஒதுங்கலைடா."

தம்பி அவரைப் பார்த்தான்.

"மூணு வருஷமா ஊருக்கெல்லாம் ஓதறேன், உனக்கு ஒதுங்குவேனா? கோட்டுலதான் இருந்தேன். நீ உள்ளே பூந்தே. ஹெல்மெட்டுக்குள்ளேயே உன்னைக் கண்ட வார்த்தையில திட்டினேன். உங்க அக்கா எதிர்ல அதைச் சொல்ல முடியாது. நீ தாண்டிப் போனே. உன் முதுகைப் பாத்தேன். நாற்பத்தேழு. தெளிவா."

"அப்புறம் ஏன் விழுந்தீங்க?" என்றாள் அவள்.

"அப்புறம் மறுபடி ரெண்டு முறுக்கு."

அவர் கட்டைவிரலால் தன் முதுகுப் பக்கம் காட்டினார்.

"பின்னால. இவன் முறுக்கற மாதிரியேதான். இவன் இப்பத்தானே முன்னால போனான், போனவன் எப்படிப் பின்னால இருப்பான்னு நினைச்சேன். அது நல்லா ஞாபகம் இருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "அவனுக்கு ரொம்ப அவசரம்னு தோணிச்சு. பாவமா இருந்துச்சு. விட்டுடலாம்னு ஒதுங்கினேன்."

"என் பின்னாடி யாருமே இல்லையே மாமா," என்றான் தம்பி. "அக்கா, நீ சொல்லேன். யாராவது இருந்தாங்களா?"

அவள் கண்ணை மூடி அந்த அரை நிமிஷத்தைத் திரும்ப ஓட விட்டாள். எத்தனையோ தடவை ஓட விட்டதுதான். தம்பி உள்ளே பூந்தான். தாண்டினான். அதற்குப் பிறகு ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம் கணவர் கோட்டிலேயே இருந்தார். நேராக, அழகாக. பிறகுதான் விலகினார். அந்த ஒரு மூச்சை அவள் எப்போதும் தன் பதற்றத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தாள். கண் பார்த்ததை மனம் தள்ளிவிட்டிருந்தது. அன்று அவள் சட்டையை எத்தனை காற்று ஆட்டியது என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

மேசைக்குப் போனாள். பேனாவைத் திறந்தாள். படிவத்தில் ஒரு கட்டம்: விழுந்தவரை முந்திய, அல்லது முந்த முயன்ற வண்டிகள் எத்தனை, எண் என்ன.

'இரண்டு' என்று எழுதினாள். அதன் கீழே முதல் எண்ணை எழுதினாள்.

தம்பி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். மூக்கை உறிஞ்சினான். "ஏழுங்கறதைத் தெளிவா எழுதுக்கா. ஒண்ணு மாதிரி இருக்கு. நாற்பத்தொண்ணு பாவம், பேக்கரிக்காரர்."

அவள் ஏழின் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"என் முறுக்கையும் எழுது. உள்பக்கம் போனதையும்."

எழுதினாள். எதையும் விடவில்லை. அவன் கடைசி வரை பக்கத்திலேயே நின்றான்.

"ரெண்டாவது யாருன்னு கேப்பாங்க," என்றார் கணவர், ஜன்னல் பக்கமிருந்து. "சிரிப்பாங்க. பைத்தியம்னுகூடச் சொல்லுவாங்க. உன் கையிலேருந்து கொடியையே வாங்கிடுவாங்கம்மா."

"வாங்கட்டும்."

இரண்டாவது எண்ணுக்கான இடத்தில் 'தெரியாது' என்று எழுதி, தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். ஆறு வாரத்தில் முதல் முறையாக, அவள் கையெழுத்துக்கு மேலே பொய் எதுவும் இல்லை.